ஒரு விரல் விடாமல் செய்த கூடு

என் அக்கா வீட்டுக்காரரைப் போல விட்டுக்கொடுக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்றால் பின்னால் வந்தவன் முன்னால் போவான், இவர் ஒதுங்கி வழிவிடுவார். கறிக்கடைக்காரன் எலும்பாகப் பார்த்துப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருவார். அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்துவாள். "போகட்டும் விடு" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் இவர் வாசலை மறைத்து வண்டி நிறுத்தினாலும் போகட்டும் விடுதான். இந்த மனிதருக்கும் உலகத்தில் ஒரே ஒரு எதிரி இருந்தது. காற்று.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் அத்தானுக்கு வேலை. தண்ணீர்த் தொட்டி, குளியல் தொட்டி, பூங்காவில் பிள்ளைகள் சறுக்குகிற சறுக்குமரம், துணிக்கடைப் பொம்மை, எல்லாம் அவர் கையில் உருவாகும். தெருவில் அவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர். கண்ணாடி நாரின் தூசி அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். அவர் துணியை மற்றத் துணியோடு சேர்த்து ஊறவைத்தால் வீடு முழுக்க ஒரு வாரம் சொறிந்துகொண்டு திரியும். தினமும் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்துத்தான் வேலைக்குப் போவார். காலையில் எதிர்க்காற்று. சாயங்காலமாவது முதுகில் தள்ளும் என்று பார்த்தால், அதற்குள் காற்றும் திசை மாறியிருக்கும்.

"வேணும்னே பண்ணுது மாப்ளே" என்பார் என்னிடம். சிரிக்கவே மாட்டார்.

ஒரு நாள் யாரோ பட்டறையில் அவருக்குக் கைபேசியில் ஒரு படம் காட்டினார்கள். வழவழப்பான நீளக் கூடு ஒன்று. உள்ளே ஓர் ஆள் மல்லாந்து படுத்தபடி மிதிக்கிறான். இன்ஜின் கிடையாது, வெறும் கால்தான். அது பக்கத்தில் போகும் காரை முந்திப் போகிறது. அன்று பிடித்தது சனி. சைக்கிளில் வேகம் கூடக்கூட நாம் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது என்று அவர் எனக்கு விளக்கினார். ஆளைப் படுக்கவைத்து, உடம்பை ஒட்டி ஒரு கூடு போட்டு மூடினால் காற்றுக்குப் பிடிக்க எதுவும் இருக்காதாம். கூடு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு வேகமாம். சோறு ஆறிப்போகிற வரைக்கும் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி அக்காவே கேட்டதில்லை.

முதலில் தனக்குத்தான் கூடு செய்வதாக இருந்தார். அட்டையை வெட்டி உள்ளே படுத்துப் பார்த்தார். தொப்பை இடித்தது. அவருக்குச் செய்தால் அது கூடாக இருக்காது, அவர் வழக்கமாகச் செய்கிற தொட்டியாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். அப்போது பக்கத்தில் நின்ற அவர் மகள், "நான் படுக்கறேன்பா" என்றாள்.

இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பின்னால் தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பொடிசு. வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் கால் இரண்டும் கல். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகளில் மேட்டில் இறங்காமல் மிதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் கிடப்பாள். அப்பா சந்தோஷமாக இருக்கிற இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அளவெடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளையைச் சாய்ந்த இருக்கையில் படுக்கவைத்து, முழங்கால், முழங்கை, தோள், குதிகால் எல்லாவற்றிலும் கலர் சுண்ணாம்புப் பொடியைப் பூசினார். சுற்றிலும் அட்டையை நிறுத்தி மிதிக்கச் சொன்னார். உடம்பு எங்கெங்கே உரசியதோ அங்கெல்லாம் அட்டையில் கலர் ஒட்டியது. அதுதான் அவளுடைய எல்லை. அந்தக் கலருக்கு வெளியே ஒரு நாணயத்தின் கனம் மட்டும் விட்டு, அதுவே கூட்டின் உள்சுவர் என்று முடிவு பண்ணினார். குட்டி மஞ்சளும் சிவப்புமாக வீட்டுக்கு வந்தாள். அக்கா அவளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ஏங்க, பிள்ளைக்குப் பாவாடை தச்சாக்கூட வளருவான்னு ஒரு விரல் உள்ள மடிச்சுத் தைப்பாங்க. நீங்க என்ன இப்படி ஒட்டி அளவெடுக்கறீங்க?"

"அந்த ஒரு விரல்லதான் காத்து பூந்துக்கும். எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் பன்னெண்டு பதிமூணோட நின்னுடுவாங்க. எங்கம்மாவப் பாரு, என் தங்கச்சியப் பாரு. இவ இதுக்கு மேல எங்க வளரப் போறா?"

அது உண்மைதான். அவர் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் கதவுத் தாழ்ப்பாளுக்கு முக்காலி தேடுகிறவர்கள். அவர் மறந்தது எங்கள் பக்கத்தை. நான் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்காது. பள்ளியில் எனக்கு நெட்டைக்கொக்கு என்று பெயர். அக்காவும் அத்தானைவிட உயரம். கல்யாணப் போட்டோவில் அவளை உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள்.

வடிவம் சரியா என்று பார்க்க, நுரைக்கட்டியில் செதுக்கிய கூட்டின் மேல் முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, என் வேன் கூரையில் கட்டினார். நான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தபடி நூல்களைப் பார்ப்பார். நூல் படிந்து கிடந்தால் காற்று வழுக்கிப் போகிறது. சிலிர்த்துக்கொண்டு ஆடினால் அங்கே காற்று இடறுகிறது, செதுக்க வேண்டும். ரொட்டி வேனுக்கு முடி முளைத்துவிட்டது என்று தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். பல மாதம் இப்படிப் போனோம். கடைசியில் ஒரு நாள் எல்லா நூலும் எண்ணெய் தடவி வாரிய தலைபோலப் படிந்து கிடந்தது. அத்தான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்று அழுதார்.

அந்த நுரைக்கட்டியின் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் நாரும் பசையும் தடவிக் கூட்டை வார்த்தார். இரண்டு பாதியாக அச்சு செய்தால் நடுவில் தழும்பு விழும், காற்று அதில் தட்டும் என்று ஒரே அச்சாகச் செய்திருந்தார். கூட்டை வெளியே எடுக்க அச்சை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தார். இன்னொன்று செய்வதென்றால் செதுக்குவதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. ஆள் நுழைய மேலே மட்டும் ஒரு மூடி வெட்டி, உள்ளே இருக்கையும் சக்கரமும் மிதிகட்டையும் பொருத்தினார். வெள்ளை வெளேரென்று இருந்த கூட்டைப் பார்த்துத் தெருவில் மாத்திரை என்று பெயர் வைத்தார்கள்.

"என்ன தொட்டிக்காரரே, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

போகட்டும் விடு என்று சிரித்துக்கொண்டே போவார்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த கிடங்கு மைதானத்தில் முதல் ஓட்டம். அவள் உள்ளே படுத்ததும் மேல்மூடியை வைத்து, இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிடுவோம். உள்ளே இருப்பவளால் காலை வெளியே ஊன்ற முடியாது, தானாக வெளியே வரவும் முடியாது. உள்ளிருந்து ஒரு தட்டு தட்டினால் தயார், இரண்டு தட்டினால் திற. நான் பிடித்துக்கொண்டே ஓடி, வேகம் வந்ததும் கையை விட வேண்டும், அந்தக் கோடியில் அத்தான் பிடிக்க வேண்டும். நான் விட்டேன். சத்தமே இல்லாமல் போனது. அத்தான் கையை விரித்துக்கொண்டு, நடக்கப் பழகுகிற பிள்ளையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். மூடியைத் திறந்ததும் குட்டி முகம் முழுக்க வியர்வையோடு, "அப்பா, காத்தே தெரியலப்பா!" என்றாள். என் அத்தானுக்கு வாழ்க்கையில் யார் கொடுத்த பரிசும் அதற்கு ஈடில்லை.

சைக்கிள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களில் நாட்டில் இதுவரை யாரும் போகாத வேகத்துக்கு இது போகும் போலிருக்கிறது, ஆனால் நேரம் குறிக்க நேரான, மேடுபள்ளம் இல்லாத நீளச் சாலை வேண்டும் என்றார். ஊருக்கு வெளியே அப்போதுதான் புறவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பொறியாளரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர். "மேல்தார் போட்டு முடிச்சதும், வண்டி விடறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல தரேன். ரெண்டு மூணு மாசம்தான்" என்றார்.

அந்த இரண்டு மூன்று மாதம் ஒன்றரை வருடம் ஆனது. முதலில் ஜல்லி வரவில்லை. பிறகு ஒரு பாலத்தின் தூண் விரிசல் விட்டது. பிறகு மழை. நாங்கள் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். சாலை போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். குட்டி நிற்கவில்லை.

முதலில் கூட்டின் உள்கூரையில் இரண்டு கீறல் தெரிந்தது. முழங்கால் படுகிற இடம். அத்தான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இருக்கையின் பஞ்சைப் பிரித்தெடுத்தார். அவள் கொஞ்சம் கீழே இறங்கினாள். சில வாரத்தில் மறுபடி கீறல். மிதிகட்டையை முன்னால் தள்ளினார். அதற்கு மேல் தள்ள இடமில்லாமல் கூட்டின் மூக்கு வந்துவிட்டது. ஷூவின் அடித்தோலைச் சீவினார். பிறகு தோள் இடித்தது. உள்சுவரைத் தேய்த்தார், தேய்த்தார், வெயிலில் வைத்தால் வெளிச்சம் ஊடுருவுகிற வரைக்கும் தேய்த்தார். இன்னும் தேய்த்தால் ஓட்டையாகிவிடும் என்கிற நிலையில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எல்லாம் உங்க வீட்டு உசரம், மாப்ளே."

கோபமாகத்தான் சொன்னார். அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சுள்ளென்று ஏறியது. என் உயரத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? பொண்ணெடுக்கும்போது அளவெடுத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து, "தப்பா எடுத்துக்காத" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. யாரையாவது குறை சொல்ல வேண்டுமே, பாவம். பிள்ளை வளர்வதற்கு யார்மேல் போய்ப் பழி போடுவது?

குட்டி சாப்பாட்டைக் குறைத்ததை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு, பள்ளியில் சாப்பிட்டேன் என்பாள். பள்ளிக்குக் கொடுத்த டப்பாவை வழியில் நாய்க்குக் கொட்டியிருக்கிறாள். படுக்கும்போது காலை நெஞ்சுவரை மடக்கிச் சுருண்டு படுப்பாள். நீட்டிப் படுத்தால் வளர்ந்துவிடுவோம் என்று யாரோ சொன்னார்களாம். நடக்கும்போதுகூடத் தோளைக் குறுக்கிக் கூன் போட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அக்கா அன்று கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் எங்களுக்குப் பயம்.

"சட்டை சின்னதாப் போனா சட்டையத்தான் மாத்துவாங்க. பிள்ளைய யாராவது மாத்துவாங்களாங்க?"

அத்தான் போய் மகள் முன்னால் உட்கார்ந்தார். "வேணாம் குட்டி, போகட்டும் விடு. உங்கப்பனுக்கு இது ஒரு பைத்தியம். நீ சாப்பிடுடா கண்ணு" என்று கெஞ்சினார். தானே பிசைந்து ஊட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கிற குணம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வரவில்லை. "நீங்க எத்தன வருஷமா செஞ்சீங்கப்பா. ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு நிறைய சாப்பிடறேன்" என்றாள். அன்றைக்கு ஊட்டியது சரி. மற்ற வேளைகளில் யார் காவல் இருப்பது? கூட்டைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிடட்டுமா என்று அத்தான் ஒரு நாள் என்னைக் கேட்டார். கொளுத்தினால் அவள் என்ன ஆவாள் என்றும் அவரே கேட்டுக்கொண்டார். தீப்பெட்டியை நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பொறியாளரிடமிருந்து தகவல் வந்தது. மேல்தார் போட்டாயிற்று, கோடு போட்டாயிற்று, திங்கட்கிழமை வண்டி விடுகிறார்கள், ஞாயிறு காலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொல்லிவிடத்தான் அத்தான் நினைத்தார். "ஒரு தடவ படுத்துப் பாக்கறேன்பா. மூடலைன்னா விட்டுடலாம்" என்றாள் குட்டி. பட்டறையில் படுத்தாள். மூடியை வைத்தோம். மூடிவிட்டது! எங்களால் நம்ப முடியவில்லை. மூடியைத் தூக்கியதும் அவள் எழுந்து சிரித்தாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நானும்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய்விட்டோம். புதுத் தாரின் வாசம். கறுத்த சாலை முனை தெரியாமல் போனது. சங்கத்து ஆட்கள் அந்தக் கோடியில் நேரம் குறிக்கும் கருவிகளோடும், கூட்டைப் பிடித்து நிறுத்த ஆட்களோடும் தயாராக இருந்தார்கள். பொறியாளர் பளபளக்கும் மேல்சட்டையோடு வந்து குட்டியிடம் கைகுலுக்கினார். அக்கா வேனைவிட்டு இறங்கவே இல்லை. அத்தான் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார். காற்றே இல்லை. இத்தனை வருடப் பகையாளி அன்றைக்கு லீவு போட்டிருந்தான்.

குட்டி படுத்தாள். "ம், மூடுங்க" என்றாள். மூடினோம். டேப் ஒட்டினோம், சுற்றிலும் இறுக்கமாக. உள்ளிருந்து ஒரு தட்டு. தயார்.

அவள் முகத்துக்கு நேரே சின்னக் கண்ணாடி உண்டு. எப்போது ஓட்டினாலும் மூடிய உடனே அவள் மூச்சுப் பட்டு அது பனி படர்ந்த மாதிரி மங்கிப்போகும். அத்தான் அதற்காகக் காற்றுத் துளை போட்டுப் பார்த்தார், சோப்பு தடவிப் பார்த்தார், எதற்கும் மசியவில்லை. அன்று கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அவள் கண் இரண்டும் துல்லியமாகத் தெரிந்தன.

"அத்தான், இன்னிக்கு மங்கவே இல்ல பாருங்க! சோப்பு வேலை செய்யுது!" என்றேன் நான். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

அத்தான் குனிந்து பார்த்தார். அடுத்த நொடி டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தார். அது நாங்களே தேடிப்பிடித்து வாங்கிய பலமான டேப். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "கத்தி! கத்தி!" என்று அலறினார். நான் வேனுக்கு ஓடினேன். நான் வருவதற்குள் அவர் மூடியின் விளிம்புக்குள் விரலை விட்டு இழுத்து, தன் கையால் இழைத்த கூட்டையே பிளந்திருந்தார். விரலில் ரத்தம்.

பிள்ளை வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டுத்தான் அவள் மூடச் சொல்லியிருக்கிறாள். பட்டறையிலும் அப்படித்தான். நெஞ்சில் மூச்சு இல்லாதபோதுதான் அந்தக் கூடு மூடும். மூடிய பிறகு இழுக்க இடமில்லை.

"தட்டினேன்ல? ரெடின்னு தட்டினேன்ல? ஏன்பா திறந்தீங்க?" என்று கத்தினாள்.

"எப்படிம்மா மூச்சு விடுவ?"

"ஓட ஆரம்பிச்சா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குவேன்பா. ரெண்டு நிமிஷம்பா. தாங்கிக்குவேன்பா."

அத்தானின் கைபேசி அடித்தது. ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று அந்தக் கோடியிலிருந்து கேட்டார்கள். அவர் என்னிடம் நீட்டினார். இல்லைங்க, ஓட்டம் இல்லை, நீங்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அக்கா ஓடி வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளின் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பொறியாளர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தன் ஜீப்புக்குப் போனார்.

குட்டி உடைந்த கூட்டிலிருந்து காலை எடுத்துத் தார்ச்சாலையில் ஊன்றி எழுந்தாள். இனிக் குறுகி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, பல மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்றாள். அத்தான் அவள் முகத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. அவள் அவரைவிட உயரமாகிவிட்டாள் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் அப்பாவின் ரத்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றாள். "எப்படியாவது நிறுத்திடலாம்னு பாத்தேன். நிக்கலப்பா."